தற்கொலை எண்ணம் இருக்கறவங்களுக்கு ஆளுக்கேத்த பிரெயின் ஸ்டிமுலேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்ல ஒருத்தருக்கு டிப்ரஷன் முத்திப்போய் "நான் இல்லாம போனா உங்களுக்கெல்லாம் நிம்மதி"ன்னு பேச ஆரம்பிச்சுட்டா, அன்னிக்கு ராத்திரியே நாம ஃபோனும் கையுமா உக்காந்து தேட ஆரம்பிச்சுடுவோம், தேடினா முதல்ல வந்து நிக்கறது இந்த பிரெயின் ஸ்டிமுலேஷன், அதாவது மூளையைத் தூண்டற ட்ரீட்மென்ட் விளம்பரம்தான், அஞ்சே நாள்ல குணம், உங்க மூளைக்குன்னே தனி பிளான் அப்டின்னு. தம்பிக்காக நான் இதையெல்லாம் படிக்க ஆரம்பிச்சதுலேந்து தெரிஞ்சவங்க, தெரிஞ்சவங்களுக்குத் தெரிஞ்சவங்கன்னு ஒவ்வொருத்தரா கேக்கறாங்க, எல்லாருக்கும் தனித்தனியா டைப் பண்ண முடியல, அதான் ஒரே இடத்துல எழுதி வைக்கறேன். நான் டாக்டர் இல்ல, கூட இருந்து பாத்துக்கிட்ட அக்கா, அவ்ளோதான்.

இப்பவே ஆபத்தா இருக்கு, உடனே இந்த ட்ரீட்மென்ட்டுக்கு புக் பண்ணலாமா?

வேணாம். முதல்ல பக்கத்துல இருக்கற ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க, இல்ல எமர்ஜென்சி நம்பருக்கோ தற்கொலைத் தடுப்பு ஹெல்ப்லைனுக்கோ கூப்பிடுங்க, அதுவரைக்கும் அவரை தனியா விடாதீங்க, வீட்ல இருக்கற மாத்திரை மருந்தெல்லாம் எடுத்து அவர் கைக்கு எட்டாத இடத்துல பூட்டி வைங்க. இங்க எழுதியிருக்கற எல்லாமே நாள் கணக்குலயும் வாரக் கணக்குலயும் வேலை செய்யற சமாச்சாரம், இன்னிக்கு ராத்திரிக்கான மருந்து இதுல எதுவும் இல்ல. இன்னொண்ணு, "சாகணும்னு தோணுதா?"ன்னு நேராவே கேக்கலாம், கேட்டா நாமளே அந்த எண்ணத்தை உள்ள போட்டுடுவோம்ங்கற பயம் வேணாம், ஆராய்ச்சி பண்ணிப் பாத்ததுல அப்படி ஆகறதா தெரியல, பல பேருக்கு யாராவது கேட்டாங்களேன்னு ஒரு ஆசுவாசம்தான் வருது. இதைப் படிக்கற உங்களுக்கே அந்த எண்ணம் இருந்துச்சுன்னா மிச்சத்தை அப்புறம் படிச்சுக்கலாம், இப்ப யாராவது ஒருத்தருக்கு ஃபோன் போட்டு சொல்லுங்க.

பிரெயின் ஸ்டிமுலேஷன்னு எதையெல்லாம் சொல்றாங்க?

அஞ்சாறு விஷயத்தை ஒரே பேர்ல கூப்பிடறாங்க, குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. ஈசிடி, அதாவது மயக்கம் குடுத்து கரண்ட் வெச்சு கொஞ்ச நேரம் வலிப்பு வரவைக்கறது. டிஎம்எஸ், தலைக்கு வெளியேந்து காந்தத்தால தூண்டறது, மயக்கம் கிடையாது, வலிப்பும் வரக்கூடாது. டிடிசிஎஸ்ங்கறது நெத்தியில ரெண்டு பட்டை வெச்சு ரொம்ப சின்ன கரண்ட் விடறது. விஎன்எஸ்ல கழுத்து நரம்புல கம்பி சுத்தி நெஞ்சுக்கிட்ட ஒரு மெஷின் பதிச்சு வைக்கறாங்க, அது வேலை செய்ய மாசக்கணக்காகும், அவசரத்துக்கு ஆகாது. கடைசியா டிபிஎஸ், மண்டை ஓட்டுல ஓட்டை போட்டு மூளைக்குள்ளயே கம்பி வைக்கற ஆபரேஷன். "ஆளுக்கேத்த" அப்டிங்கற பேச்சு அதிகமா வர்றது டிஎம்எஸ்லயும் டிபிஎஸ்லயும்தான்.

டிஎம்எஸ் ரூம்ல என்னதான் நடக்குது?

சாய்ஞ்ச நாற்காலி ஒண்ணு இருக்கும், காதுக்கு அடைப்பான் குடுப்பாங்க, எட்டு போட்ட மாதிரி இருக்கற ஒரு காயிலை தலையில ஒட்டி வைப்பாங்க. முதல் நாள் நேரா ட்ரீட்மென்ட் ஆரம்பிக்க மாட்டாங்க, முதல்ல கையை அசைக்கற இடத்தைத் தேடுவாங்க. காயிலை கொஞ்சம் கொஞ்சமா நகத்தி டக்குனு ஒரு தட்டு விடுவாங்க, திடீர்னு கட்டைவிரல் தானா துள்ளும். எங்க வீட்டு ஆளு அதைப் பாத்துதான் ரொம்ப நாள் கழிச்சு சிரிச்சான், "நான் ஆட்டலக்கா, அதுவா ஆடுது"ன்னு. எவ்ளோ பவர்ல அந்த விரல் சரியா பாதி தடவ துள்ளுதோ அதை வெச்சுத்தான் அவங்கவங்களுக்கான டோஸை முடிவு பண்றாங்க. அப்புறம் காயிலை நெத்திக்கு இடது பக்கம் மேலயா கொண்டு வந்து வைப்பாங்க. இப்ப நிறைய இடத்துல தீட்டா பர்ஸ்ட்னு ஒரு முறை ஓடுது, மூணு மூணு தட்டா, ஒரு செகண்டுக்கு அஞ்சு கொத்து, ரெண்டு செகண்ட் அடிச்சுட்டு எட்டு செகண்ட் சும்மா இருக்கும், திரும்ப அடிக்கும். மரங்கொத்தி மண்டைமேல உக்காந்த மாதிரி இருக்கும்னு வெச்சுக்கோங்க. 600 தட்டு முடிய மூணு நிமிஷம் சொச்சம்தான். பழைய முறையில இதுக்கே 37.5 நிமிஷம் ஆகும். ரெண்டையும் கனடாவுல 414 பேருக்கு ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2018ல ரிசல்ட் வந்துச்சு, மூணு நிமிஷம் பழசுக்கு சளைச்சதில்லன்னு.

இந்த மெஷின் ஒண்ணும் நேத்து வந்தது இல்ல, 1985ல இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஆன்டனி பார்க்கர்ங்கறவரோட டீம் காட்டினது, டிப்ரஷனுக்குன்னு எஃப்டிஏ (மருந்து, மருத்துவ மெஷினுக்கெல்லாம் அனுமதி குடுக்கற அமெரிக்க அரசு அமைப்பு) ஓகே சொன்னது 2008ல.

"ஆளுக்கேத்த மாதிரி"ன்னா எதை மாத்தறாங்க?

இதை விளம்பரத்துல சொல்லவே மாட்டாங்க, ஏன்னா மாத்தறது ஒரு விஷயம் இல்ல, நாலஞ்சு இருக்கு.

ஒண்ணு பவர். மேல சொன்ன கட்டைவிரல் டெஸ்ட் எல்லாருக்கும் எப்பவுமே உண்டு, அதனால ஒரு அர்த்தத்துல எல்லா டிஎம்எஸ்ஸுமே ஆளுக்கேத்ததுதான், அதை மட்டும் பண்ணிட்டு பெர்சனலைஸ்டுன்னு போர்டு மாட்டினா அது வெறும் மார்க்கெட்டிங்.

ரெண்டாவது இடம். ஆரம்ப காலத்துல விரல் துள்ளின இடத்துலேந்து அளந்து 5 சென்டிமீட்டர் முன்னாடி நகத்தி வெச்சுடுவாங்க, பெரிய தலையோ சின்ன தலையோ எல்லாருக்கும் அதே 5. நிறைய பேருக்கு காயில் வேற இடத்துல போய் உக்காந்துச்சு. அப்புறம் தலைச் சுற்றளவு எல்லாம் அளந்து கணக்கு போட்டாங்க, அப்புறம் எம்ஆர்ஐ எடுத்து கேமரா வெச்சு வழிகாட்டற நேவிகேஷன் வந்துச்சு. இப்ப பேசற லேட்டஸ்ட் சமாச்சாரம் ஃபங்ஷனல் எம்ஆர்ஐ. ஸ்கேனருக்குள்ள சும்மா படுத்திருக்கும்போது மூளையில எந்த இடமும் எந்த இடமும் சேந்து ஏறி இறங்குதுன்னு அதுல பாப்பாங்க. மூளையோட நடு ஆழத்துல ஏரியா 25னு சொல்ற ஒரு பகுதி இருக்கு, டிப்ரஷன்ல அது ஓவரா வேலை செய்யுதுன்னு பல ஸ்டடி சொல்லுது, ஆனா காந்தம் அவ்ளோ ஆழத்துக்கு எட்டாது. அதனால மேல்பரப்புல, இடது நெத்திப் பக்கம், எந்தப் புள்ளி இந்த ஏரியா 25க்கு நேர் எதிரா ஏறி இறங்குதோ அந்தப் புள்ளிய தேடிப் புடிச்சு அங்க அடிக்கறாங்க, மேல தட்டினா கீழ அடங்கும்ங்கற கணக்கு. 2012ல மைக்கேல் ஃபாக்ஸ்ங்கற நியூராலஜிஸ்டும் அவர் கூட இருந்தவங்களும் இந்த எதிர்த் தொடர்பு அதிகமா இருக்கற இடத்துல அடிச்சவங்களுக்கு பலன் நல்லா இருந்துச்சுன்னு காட்டினதுலேந்து இந்த வழி பிரபலமாச்சு.

மூணாவது, யாருக்கு என்ன தொந்தரவுங்கறத வெச்சு இடத்தை மாத்தறது. டிப்ரஷன்னு ஒரே பேர் வெச்சிருந்தாலும் சோகம், எதுலயும் நாட்டமில்லாம போறது, சாகற எண்ணம் இதெல்லாம் ஒரு கொத்தாவும், எரிச்சல் தூக்கமின்மை மாதிரி விஷயங்கள் இன்னொரு கொத்தாவும் பிரியுது, ரெண்டுக்கும் பலன் குடுக்கற இடம் கொஞ்சம் வேற வேறன்னு 2020ல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. நல்லா யோசிச்ச விஷயம், ஆனா இது இன்னும் வளந்துகிட்டு இருக்கற கட்டம்.

நாலாவது நேரம், அதாவது மூளை தப்பான நிலைக்குப் போகும்போது மட்டும் பாத்து தூண்டறது, அதைப் பத்தி டிபிஎஸ் கேள்வியில சொல்றேன்.

அஞ்சு நாள்ல குணமாகும்னு சொல்றாங்களே, அது நிஜமா?

அது செயின்ட்னு ஒரு முறை, அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டு யுனிவர்சிட்டில உருவானது. ஒரு நாளைக்கு 10 செஷன், ஒவ்வொண்ணும் 10 நிமிஷம், நடுவுல 50 நிமிஷம் இடைவெளி, இப்படியே அஞ்சு நாள். மொத்தம் 90,000 தட்டு, சாதாரணமா ஆறு வாரம் குடுக்கற தீட்டா பர்ஸ்ட் கோர்ஸைப் போல அஞ்சு மடங்கு. இடைவெளி விடறது சும்மா ரெஸ்ட்டுக்கு இல்ல, நரம்பு இணைப்பு தூண்டலை உள்வாங்கிட்டு அடுத்த தூண்டலுக்குத் தயாராக நேரம் வேணும்ங்கறதால. நடைமுறையில பாத்தா காலைல போனா சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான், அரை மணி நேரம் தூங்கு, சாப்பிடு, வா, உக்காரு, டக் டக் டக், போ, திரும்ப வா. கூடப் போறவங்க பொறுமையையும் மூட்டை கட்டி எடுத்துட்டுப் போங்க.

2020ல வந்த முதல் ரிப்போர்ட்ல, எந்த மாத்திரையும் கேக்காத 21 பேர்ல 19 பேருக்கு டிப்ரஷன் கிட்டத்தட்ட இல்லாத அளவுக்குக் குறைஞ்சுச்சு, தற்கொலை எண்ணத்தோட ஸ்கோரும் அதே வாரத்துல சரசரன்னு இறங்குச்சு. ஆனா அதுல பொய் ட்ரீட்மென்ட் குரூப்பே, அதாவது நிஜமா தூண்டாம தூண்டற மாதிரி மட்டும் பண்ணி ஒப்பிடற குரூப்பே கிடையாது. அப்புறம் 29 பேர வெச்சு சரியான முறையில, அதாவது யாருக்கு நிஜம் யாருக்கு பொய்னு தெரியாம பண்ணாங்க, அதுல நாலு வாரத்துக்குள்ள ஏதாவது ஒரு கட்டத்துல குணமான நிலைக்கு வந்தவங்க நிஜ குரூப்ல 78.6 சதவீதம், பொய் குரூப்ல 13 சதவீதம். 2022 செப்டம்பர்ல எஃப்டிஏ அனுமதியும் கிடைச்சுச்சு.

கேக்க அட்டகாசமா இருக்கு, ஆனா 29 பேரு. அந்த 78.6ங்கறது 14 பேர்ல 11 பேரு. இந்த சதவீதத்தை போஸ்டர்ல பெருசா போட்டு பக்கத்துல ஆள் எண்ணிக்கைய போடாத இடத்துல நான் கொஞ்சம் உஷாராவேன்.

அப்ப ஸ்கேன் எடுத்து இடம் பாத்து பண்ணாத்தான் பலனா?

இங்கதான் நான் எல்லார்கிட்டயும் வாதாடற விஷயம் இருக்கு. செயின்ட் முறையில மூணு விஷயத்தை ஒரே நேரத்துல மாத்தியிருக்காங்க, இடம், டோஸ், வேகம். பலன் வந்தது எதனாலன்னு அதை மட்டும் வெச்சு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது. ஸ்கேனாலதான்னு சொல்றவங்க விக்கறவங்களா இருப்பாங்க.

இதை நேரடியா சோதிச்ச ஒரு பெரிய ஆராய்ச்சி இருக்கு, பிரைட்மைண்ட்னு பேரு, பிரிட்டன்ல 255 பேரு, 2024ல வெளிவந்துச்சு. ஒரு குரூப்புக்கு மூளைத் தொடர்பை ஸ்கேன் பண்ணி ஆளுக்கு ஒரு புள்ளி, இன்னொரு குரூப்புக்கு சாதாரண எம்ஆர்ஐ வழிகாட்டலோட வழக்கமான இடம். ரெண்டு குரூப்புமே நல்லா தேறினாங்க, மாசக்கணக்குல அது நிலைச்சுது, ஆனா ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசமே இல்ல. அவங்க பாத்த தொடர்பு வேற, ஏரியா 25 இல்ல, அவங்க முறையும் நிதானமானது, அதனால இதோட கதை முடிஞ்சதுன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஸ்கேன் இல்லாத இடத்துல ட்ரீட்மென்ட் எடுத்தா வீண்னு நெனச்சு, ஸ்கேன் வசதி இருக்கற ஏதோ ஒரு தூரத்து சென்டருக்கு மூணு மாசம் காத்திருக்கறது தற்கொலை எண்ணம் இருக்கற ஆளு விஷயத்துல ரொம்ப தப்பான கணக்கு. காத்திருக்கற அந்த மூணு மாசம்தான் ஆபத்து. அளவெடுத்த சட்டை வரட்டும்னு ஒருத்தரை குளிர்ல நிக்க வைக்க முடியுமா?

டிப்ரஷன் குறைஞ்சா தற்கொலை எண்ணமும் தானா போயிடுமா?

பல பேருக்கு ரெண்டும் சேந்தே இறங்கும், ஆனா ஒண்ணுக்கொண்ணு ஒட்டிப் பொறந்தது இல்ல. ரெண்டு பக்க நெத்தியிலயும் டிஎம்எஸ் குடுத்த ஸ்டடிகளை சேத்து 2018ல பாத்தாங்க, 156 பேரு, ரெண்டு பக்கமும் வாங்கினவங்கள்ல 40 சதவீதம் பேருக்கு தற்கொலை எண்ணம் போயிடுச்சு, இடது பக்கம் மட்டும்னா 27 சதவீதம், பொய் ட்ரீட்மென்ட்ல 19. அதுல சுவாரசியம் என்னன்னா எண்ணம் போனதுல கொஞ்சம்தான் டிப்ரஷன் குறைஞ்சதால வந்தது, மிச்சம் தனியா நடந்திருக்கு.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். 2014ல வந்த ஒரு ஸ்டடில, தற்கொலை நெருக்கடியில ஆஸ்பத்திரில சேந்திருந்த 41 பேருக்கு மூணே நாள்ல ஒன்பது செஷன் குடுத்துப் பாத்தாங்க. நிஜ குரூப்லயும் எண்ணம் குறைஞ்சுது, பொய் குரூப்லயும் நல்லா குறைஞ்சுது, கடைசில பெரிய வித்தியாசம் நிக்கல. அதே மாதிரி அமெரிக்க முன்னாள் ராணுவ வீரர்கள் 164 பேர்கிட்ட பண்ணினதுல (2018) குணமானது நிஜத்துல 41, பொய்ல 37 சதவீதம். இதைப் பாத்து மெஷின் வேஸ்ட்டுன்னு சொல்லிடாதீங்க. தினமும் ஒருத்தர் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நேத்து தூங்கினியான்னு கேட்டு, பக்கத்துல உக்காந்து பாத்துக்கறது இருக்கே, அதுவே எவ்ளோ வேலை செய்யுதுன்னு பாருங்க. ஆளுக்கேத்த ட்ரீட்மென்ட்ல பாதி அதுதான்னு எனக்குத் தோணும்.

தற்கொலையவே இது தடுக்கும்னு நிரூபிச்சிருக்காங்களா?

இல்ல. எண்ணம் குறையறதைக் காட்டியிருக்காங்க, உயிரிழப்பு குறையறதைக் காட்டல. உலகத்துல வருஷத்துக்கு 7 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேல பேர் இப்படிப் போறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஆனா ஒரு முப்பது நாப்பது பேர் ஸ்டடில அது நடக்கறது அபூர்வம், அபூர்வமானதை அளக்க ஆயிரக்கணக்குல ஆள் வேணும். அதுக்கும் மேல, பெரும்பாலான டிஎம்எஸ் ஆராய்ச்சில உடனடி ஆபத்துல இருக்கறவங்கள சேத்துக்கவே மாட்டாங்க, அதாவது யாருக்கு இது ரொம்பத் தேவையோ அவங்களப் பத்தின தகவல்தான் கம்மி. மருந்துல லித்தியம், ஸ்கிசோஃப்ரீனியா (மனச்சிதைவு நோய்) இருக்கறவங்களுக்கு குளோசபின், இதுக்கெல்லாம் தற்கொலை விஷயத்துல பல வருஷ அனுபவம் இருக்கு, டாக்டர் அதைப் பேசினா "பழைய மாத்திரை"ன்னு தட்டிக் கழிக்காதீங்க. கெட்டமின் வகை மருந்து மணிக்கணக்குல எண்ணத்தைக் குறைக்கும், அதுக்கும் உயிரிழப்பைத் தடுக்கும்ங்கற நிரூபணம் கிடையாது.

ஸ்கேன் பாத்து ஒருத்தருக்கு தற்கொலை எண்ணம் இருக்கா இல்லையான்னு சொல்ல முடியுமா?

முடியாது. குரூப் குரூப்பா ஒப்பிட்டா வித்தியாசம் தெரியும், தனி ஆளோட ஸ்கேனை வெச்சு ஆபத்து இருக்கு இல்லன்னு சொல்ற நிலைமை வரல. ஏரியா 25 சிக்னலே கொஞ்சம் அழுக்கா வர்ற இடம், பக்கத்துல மூக்குக்குப் பின்னாடி காத்துக்குழி இருக்கறதால படம் குழம்பும், வேற நாள் எடுத்தா புள்ளி கொஞ்சம் நகந்தும் இருக்கலாம். வாயத் தொறந்து கேக்கறதுக்கு மாத்து இன்னும் கண்டுபுடிக்கல.

ஷாக் ட்ரீட்மென்ட்னு சொன்னாலே பயமா இருக்கே?

மேல சொன்ன ஈசிடியத்தான் அப்படிச் சொல்றாங்க, பயம் சினிமா குடுத்தது. நிஜத்துல மயக்க மருந்து, தசை தளர்த்தற மருந்து ரெண்டும் குடுத்துதான் பண்றாங்க, உடம்பு தூக்கிப் போடாது, பாத்தா கால் விரல் லேசா ஆடறது தெரியும், சில நிமிஷத்துல முடிஞ்சுடும். 1938ல ரோம்ல ஆரம்பிச்சது, இன்னிக்கும் கடுமையான டிப்ரஷனுக்கு இதைவிட வேகமா பலமா வேலை செய்யறது கம்மி.

தற்கொலை நோக்கம் அதிகமா இருந்த 131 பேரோட கணக்கு 2005ல வந்துச்சு. மூணு ஈசிடி முடிஞ்சதும், அதாவது ஒரு வாரத்துல, 38 சதவீதம் பேருக்கு தற்கொலை எண்ணத்தோட ஸ்கோர் பூஜ்யமாச்சு, ரெண்டு வாரத்துல 61, கோர்ஸ் முடியும்போது கிட்டத்தட்ட 81. ஒப்பிட வேற குரூப் இல்லங்கறது அதுலயும் குறைதான், ஆனா சாப்பிடாம பேசாம சாவைத் தவிர வேற நெனப்பில்லாம கெடக்கற ஆளுக்கு டாக்டர் ஈசிடி சொன்னா, "காந்தம் பாத்துட்டு அப்புறம் வரோம்"னு தள்ளிப் போடறது எனக்கு சரியாப் படல. குறை என்னன்னா மறதி. அந்த வாரங்கள் சம்பந்தமான ஞாபகம் ஓட்டையாகும், சிலருக்கு அதுக்கு முன்னாடி நடந்ததுல சிலதும் திரும்ப வராது. இதை மறைக்காம சொல்ற டாக்டரை நம்புங்க. ஈசிடிலயும் ஆளுக்கேத்த மாதிரி பண்றதுண்டு, வலிப்பு வர எவ்ளோ கரண்ட் தேவைங்கறது ஆளுக்கு ஆள் மாறும், முதல் தடவ அதைக் கண்டுபுடிச்சு அதுக்கேத்த அளவு வைப்பாங்க, மறதி குறைய ஒரு பக்கம் மட்டும் வைக்கறதும் உண்டு.

மூளைக்குள்ளயே சிப் வைக்கறாங்களாமே?

டிபிஎஸ். 2005ல டொரண்டோவுல ஹெலன் மேபெர்க்ங்கற நியூராலஜிஸ்டோட டீம் எதுக்குமே அசையாத டிப்ரஷன் இருந்த ஆறு பேருக்கு ஏரியா 25 பக்கம் கம்பி வெச்சாங்க, நாலு பேருக்கு நல்ல முன்னேற்றம். உலகமே துள்ளிக் குதிச்சுது. அப்புறம் 90 பேருக்கு முறைப்படி பண்ண ஆராய்ச்சில ஆறு மாசத்துல பொய் குரூப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் காட்ட முடியல, நடுவுலயே நிறுத்திட்டாங்க. வேடிக்கை என்னன்னா அதே ஆளுங்கள்ல நிறைய பேர் கம்பியோடவே தொடர்ந்தப்ப ரெண்டு வருஷத்துல நல்லா தேறியிருந்தாங்க.

ஆளுக்கேத்ததுங்கற வார்த்தை உண்மையிலேயே பொருந்தறது 2021ல சான் ஃபிரான்சிஸ்கோவுல கலிஃபோர்னியா யுனிவர்சிட்டில பண்ணதுக்குத்தான். ஒரே ஒரு பேஷன்ட். முதல்ல பல இடத்துல தற்காலிகக் கம்பி வெச்சு நாள் கணக்குல பாத்தாங்க, அவங்களுக்கு மனசு இருளும்போது அமிக்டலாவுல (மூளையில பயம் மாதிரி உணர்ச்சிகளோட சம்பந்தப்பட்ட ஒரு பகுதி) ஒரு வேகமான அலை வருது, அதே நேரத்துல வேற ஒரு இடத்தைத் தூண்டினா இருள் விலகுது. அப்புறம் அந்த அலை வந்தா மட்டும் சில செகண்ட் தூண்டற மாதிரி மெஷினை நிரந்தரமா பதிச்சாங்க. மெஷினே கவனிக்குது, மெஷினே முடிவு பண்ணுது. 2023ல இன்னொரு டீம் டிபிஎஸ் வெச்ச பத்து பேரோட மூளை சிக்னலை வெச்சே யாரு தேறிட்டு வர்றாங்க, யாரு திரும்ப சரியறாங்கன்னு கண்டுபுடிக்க முடியும்னு காட்டினாங்க, வெளில தெரியறதுக்கு முன்னாடியே. தற்கொலை ஆபத்து இருக்கறவங்களுக்கு இந்த முன்னெச்சரிக்கை பெரிய விஷயம்.

ஆனா இது எல்லாம் ஆராய்ச்சிதான், ரத்தக்கசிவு இன்ஃபெக்‌ஷன்னு ஆபரேஷன் ஆபத்தும் உண்டு. பார்க்கின்சனுக்கு டிபிஎஸ் வெச்சவங்கள்ல ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் வருஷம் தற்கொலை ஆபத்து கூடினதா பழைய கணக்கு இருக்கு, அதனால கம்பி வெச்சாச்சுன்னு யாரும் அசந்துடக் கூடாது.

டிஎம்எஸ் யாருக்கு ஆகாது? சைடு எஃபெக்ட்?

தலைக்குள்ள இரும்பு கிளிப், காதுல காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேக்கறதுக்காக உள்ள பதிக்கற கருவி), அந்த மாதிரி ஏதாவது இருந்தா ஆகாது. வலிப்பு நோய் இருந்தா டாக்டர் யோசிச்சுதான் முடிவு பண்ணுவார். வலிப்பு வர்ற வாய்ப்பு ஆயிரத்துல ஒண்ணுக்கும் கீழதான், இருந்தாலும் முந்தின நாள் குடிச்சுட்டோ தூங்காமலோ போறது அந்த வாய்ப்பைக் கூட்டும், போனா மறைக்காம சொல்லிடணும். மத்தபடி தலைவலி, அடிக்கற இடத்துல குத்தல், தாடை இழுக்கறது. பைபோலார் (மூட் மாறி மாறி ரொம்ப ஏறி இறங்கற நோய்) இருக்கறவங்களுக்கு மூட் ஒரேயடியா மேல ஏறிடலாம், திடீர்னு தூக்கமே வேணாம், பேச்சு நிக்கல, செலவு கைமீறுதுன்னா நல்லாயிட்டான்னு சந்தோஷப்படாம டாக்டருக்கு சொல்லுங்க.

மாத்திரைய நிறுத்திடலாமா?

நீங்களா நிறுத்தாதீங்க.

வீட்லயே வெச்சுக்கற மெஷின் ஆன்லைன்ல கிடைக்குதே?

அது டிடிசிஎஸ். டாக்டர் மேற்பார்வையில வீட்ல பண்ற ஆராய்ச்சி நடக்குது, ஆனா தற்கொலை எண்ணம் இருக்கற ஆளு தனி ரூம்ல தானா நெத்தியில பட்டை ஒட்டிக்கற ஏற்பாட்டுல எனக்கு உடன்பாடு இல்ல, கரண்டைவிட அந்தத் தனிமைதான் காரணம்.

பண்ணியும் சரியாகலன்னா?

இதை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பேசிடணும், ரொம்ப முக்கியம். "இதான் கடைசி வழி"ன்னு யாரும் வாய்ல வரவிடாதீங்க, டாக்டரும் சரி அம்மா அப்பாவும் சரி. ஏன்னா அஞ்சாவது நாள் சாயங்காலம் ஒண்ணும் மாறலன்னா அந்த ஆளு கேக்கறது "ட்ரீட்மென்ட் தோத்துச்சு"ன்னு இல்ல, "என் மூளைக்குன்னே செஞ்சதே வேலைக்காகல, அப்ப நான்தான் தேறாத கேஸு"ன்னு. ஆளுக்கேத்ததுன்னு பேர் வெச்சதோட இன்னொரு பக்கம் இது, விளம்பரம் எழுதறவங்க இதை யோசிச்ச மாதிரி தெரியல. எங்க டாக்டர் முதல் நாளே பேப்பர்ல மூணு வழி எழுதிக் குடுத்தார், இது ஆகலன்னா அது, அதுவும் ஆகலன்னா இன்னொண்ணு. தம்பி அதை மடிச்சு பர்ஸ்ல வெச்சுக்கிட்டான். சிலருக்கு பலன் கோர்ஸ் முடிஞ்சு ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சுதான் தெரியும், அதையும் முன்னாடியே சொல்லி வைங்க.

நல்லாயிடுச்சு, இனிமே கவலை இல்லையா?

இருக்கு. டிஎம்எஸ் பலன் சிலருக்கு வருஷக்கணக்குல நிக்கும், சிலருக்கு சில வாரத்துலயே சரியும், வேகமா ஏறினவங்க வேகமா இறங்கவும் செய்யலாம். ஆஸ்பத்திரிலேந்து வீட்டுக்கு வந்த முதல் சில வாரம்தான் ரொம்ப ஆபத்தான காலம்னு பல நாட்டுக் கணக்கும் சொல்லுது, அந்த நேரத்துல எல்லாரும் நிம்மதியாகி அவங்கவங்க வேலைக்குத் திரும்பியிருப்பாங்க.

அதனால சேஃப்டி பிளான் ஒண்ணு எழுதி வைக்கணும். எனக்கு முதல்ல என்ன அறிகுறி வரும், வந்தா நானே என்ன செய்வேன், யார்கிட்ட பேசுவேன், எந்த டாக்டருக்கு எந்த நம்பர், வீட்ல எதை அப்புறப்படுத்தணும், இதெல்லாம் அவரே அவர் வார்த்தைல எழுதறது. எமர்ஜென்சிக்கு வந்தவங்களுக்கு இந்த பிளானும், அப்புறம் ஒரு சில ஃபாலோ அப் ஃபோன் காலும் குடுத்ததுல அடுத்த ஆறு மாசத்துல தற்கொலை சம்பந்தமான நடத்தை 45 சதவீதம் கம்மியா இருந்துச்சுன்னு 2018ல ஒரு அமெரிக்க ஸ்டடி. ஒரு பேப்பர், ஒரு பேனா, ஒரு ஃபோன். இவ்ளோ பெரிய மெஷினுக்கு ஓடற நாம இதுக்கு அரை மணி நேரம் உக்கார மாட்டேங்கறோம், அதான் எனக்கு ஆத்திரம்.

டாக்டர்கிட்ட என்னென்ன கேக்கணும்?

ஆளுக்கேத்ததுன்னா எதை மாத்தறீங்க, இடத்தையா டோஸையா நேரத்தையா, ஸ்கேன் இல்லாம பண்ணா என்ன குறையும், எத்தனை நாள்ல பலன் எதிர்பாக்கலாம், ஆரம்பிக்கற தேதி எப்போ, அதுவரைக்கும் இவரை யாரு எப்படிப் பாத்துக்கறது. நடுவுல எண்ணம் அதிகமாச்சுன்னா ராத்திரி யாரைக் கூப்பிடணும், தினமும் செஷனுக்கு முன்னாடி யாராவது தற்கொலை எண்ணத்தைப் பத்திக் கேப்பாங்களா இல்ல உக்கார வெச்சு சுவிட்ச் போட்டு அனுப்பிடுவாங்களா, முடிஞ்சப்புறம் எத்தனை நாள்ல திரும்ப வரச் சொல்வீங்க, சரிஞ்சா திரும்பக் குடுப்பீங்களா. முதல் கேள்விக்கு மட்டும் நீளமா பதில் சொல்லிட்டு மத்ததுக்கு மழுப்பினா வேற இடம் பாருங்க.

அவருக்கு இஷ்டமில்ல, நாங்க ஏமாத்திக் கூட்டிட்டுப் போகலாமா?

செக்கப்புனு சொல்லி கூட்டிட்டுப் போய் நாற்காலில உக்கார வைக்கறது, அதைத்தானே கேக்கறீங்க. செய்யாதீங்க, ஒரு தடவ ஏமாந்தா அப்புறம் நிஜமா கஷ்டமா இருக்கறப்ப உங்ககிட்ட சொல்ல மாட்டார். ரூமைப் போய்ப் பாக்கலாம், ஒரு நாள் சும்மா விரல் டெஸ்ட் மட்டும் பண்ணிட்டு வந்துடலாம், பிடிக்கலன்னா நிறுத்திக்கலாம்னு சொல்லிப் பாருங்க. உயிருக்கு உடனடி ஆபத்துன்னா கதை வேற, அங்க சட்டப்படி டாக்டருங்க முடிவெடுக்க வழி இருக்கும், எமர்ஜென்சில சொன்னா அவங்க பாத்துப்பாங்க.